மன உறுதி என்னும் தீர்ப்பு: மட்டாஞ்சேரிக்குத் திரும்புவோரை முன்வைத்து ஒரு மறுப்பு

குடியிலிருந்தோ வேறு போதைப்பொருளிலிருந்தோ விடுபடச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒருவர் மறுபடி வழுவாமல் இருப்பது முற்றிலும் அவருடைய மன உறுதியைப் பொறுத்தது என்னும் கருத்து, கேரளத்திலும் தமிழகத்திலும் ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் நிலவுகிறது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது சொல்லப்படும் அறிவுரையிலும், பள்ளிவாசல், தேவாலயம், கோயில் ஆகியவற்றின் மேடைகளில் நிகழும் போதை எதிர்ப்புப் பேச்சுகளிலும், உறவினர் கூடிச் செய்யும் முடிவுகளிலும் ஒரே எண்ணம்தான் வெவ்வேறு சொற்களில் வெளிப்படுகிறது: மருத்துவம் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, இனி எல்லாம் அவன் கையில். கொச்சியில் இக்கருத்துக்கு ஒரு கிளையும் உண்டு. திரும்பி வருபவரின் வீடு மட்டாஞ்சேரியிலோ, அதை ஒட்டிய சுள்ளிக்கல், பாண்டிக்குடி, கருவேலிப்படி போன்ற நெருக்கமான குடியிருப்புகளிலோ இருந்தால், அந்த இடத்தில் எவராலும் திருந்தி வாழ முடியாது, ஆகவே அவரை வளைகுடாவுக்கோ வேறு ஊருக்கோ அனுப்பிவிடுவதே வழி என்று பேசப்படுகிறது. முதல் கருத்து மனிதனை மட்டும் பார்க்கிறது. அதன் கிளை இடத்தை மாற்ற முடியாத விதியாகப் பார்க்கிறது. எதிரெதிரானவை போலத் தோன்றும் இவ்விரண்டும் சென்று சேரும் இடம் ஒன்றே: திரும்பி வருபவருக்காக அவருடைய ஊர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்பதே அது.

இக்கருத்தை அதன் வலுவான வடிவில் எடுத்துரைத்த பிறகு மறுப்பதே முறை. அதை ஏற்போர் மூன்று சான்றுகளை முன்வைக்கின்றனர். மருத்துவமனைப் படியையே மிதிக்காமல், ஒரு நாள் முடிவெடுத்து அன்றோடு குடியை விட்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள் என்பது முதல் சான்று. ஒரே வீட்டில் பிறந்து, ஒரே கடைக்கு முன்னால் நடந்து, ஒரே கூலி வாங்கும் இருவரில் ஒருவர் குடிக்கிறார், மற்றவர் குடிப்பதில்லை. வேறுபாடு அவர்களுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது சான்று அறம் சார்ந்தது: சூழலைக் காரணம் காட்டத் தொடங்கினால் குடிப்பவருக்கு ஓயாமல் ஒரு சாக்குக் கிடைத்துவிடும், பல ஆண்டுகள் அடியையும் கடனையும் அவமானத்தையும் தாங்கிய மனைவியிடமும் பிள்ளைகளிடமும் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மறுபடி கேட்பதாக அது முடியும். இந்த மூன்றாம் சான்றில் உள்ள வேதனை உண்மையானது. அதைப் புறந்தள்ளும் எந்த மறுப்பும் நேர்மையற்றது.

மறுப்புக்குள் நுழையும் முன் சில சொற்களை வரையறுத்துக்கொள்வது நல்லது. மீட்சி என்பது போதைப்பொருளை நிறுத்திய நாளைக் குறிப்பதன்று. அப்பொருள் இல்லாமல் உடலும் உறவும் வேலையும் மறுபடி சீரடையும் நீண்ட காலத்தையே அது குறிக்கிறது. சறுக்கல் என்பது அக்காலத்தில் ஒரு முறையோ சில முறையோ நேரும் பயன்பாடு. மறுவீழ்ச்சி என்பது பழைய அளவுக்கும் பழைய ஒழுங்கின்மைக்கும் திரும்பிப் போவது. சறுக்கலுக்கும் மறுவீழ்ச்சிக்கும் இடையே சில மணி நேரமோ சில நாட்களோ இருக்கக்கூடும், அந்த இடைவெளியில் என்ன நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் முடிவு அமைகிறது.

முதல் மறுப்பு: நிறுத்துவதும் நிலைத்திருப்பதும் ஒரே செயலா? பரவலான கருத்தின் அடிப்படைப் பிழை இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதில் தொடங்குகிறது. நாள்தோறும் குடித்துப் பழகிய உடலுக்கு மது திடீரென நின்றுபோகும்போது வரும் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, சிலருக்கு வரும் வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றை விலகல் அறிகுறிகள் என்று மருத்துவம் அழைக்கிறது. அவை உயிருக்கே ஆபத்தாகக்கூடும். ஆயினும் தகுந்த மருந்துகளோடு ஏறத்தாழ ஒரு வாரத்தில் அடங்கிவிடுபவை. அதற்குப் பின் தொடங்குவது வேறொரு வேலை. மூளை பல ஆண்டுகளாகக் கற்றுக்கொண்ட தொடர்புகள், அதாவது இன்ன நேரம், இன்ன மணம், இன்ன முகம், இன்ன தெருமுனை என்றவுடன் எழும் வேட்கை, ஒரு வாரத்தில் அடங்குவதில்லை. மருத்துவமனைப் படுக்கையில் அவை சோதிக்கப்படுவதுகூட இல்லை. கேரள ஆயத்தீர்வைத் துறையின் விமுக்தி திட்டத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துக்கான போதை மீட்பு மையம் மூவாற்றுப்புழை அரசு மருத்துவமனையில் அமைந்துள்ளது. மட்டாஞ்சேரியிலிருந்து அது நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே மட்டாஞ்சேரி பஜார் சாலையின் கிட்டங்கிகள் இல்லை, மாலையில் கூலியைப் பங்கிடும் கூட்டாளிகள் இல்லை, கடன் கேட்டு வாசலில் நிற்பவர் இல்லை. இவை எதுவும் இல்லாத இடத்தில் மூன்று வாரம் குடிக்காமல் இருந்ததை மன உறுதிக்குச் சான்றாகக் கொள்வதும், இவை அனைத்தும் இருக்கும் இடத்தில் நான்காம் வாரம் குடித்ததை மன உறுதியின்மைக்குச் சான்றாகக் கொள்வதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். இரண்டிலும் அளக்கப்பட்டது சூழல். தீர்ப்பு மட்டும் மனிதனுக்கு வழங்கப்பட்டது.

மறுவீழ்ச்சி எப்போது நிகழ்கிறது என்பதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட்டும் அவருடைய குழுவினரும், தாங்கள் பதிவுசெய்த நிகழ்வுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு மூன்று வகைச் சூழல்களில் அடங்குவதைக் கண்டனர்: கோபம், சோர்வு, வெறுமை போன்ற மனநிலைகள்; மற்றவரோடு ஏற்படும் சச்சரவு; உடனிருப்போரின் வற்புறுத்தல். இவற்றுள் ஒன்றேனும் திட்டமிட்டுச் சமாளிக்க முடியாதது அன்று. வற்புறுத்தலை மறுக்கும் சொற்களைப் பழகலாம். சச்சரவு முற்றும் முன் ஒருவரை அழைக்கலாம். வெறுமையான மாலையை வேறொன்றால் நிரப்பலாம். ஆனால் அழைக்க ஒருவர் இருக்க வேண்டும், நிரப்ப ஒரு மாலைப்பொழுதின் வேலையோ கூட்டமோ இருக்க வேண்டும். சூழலின் ஆற்றலை அரசே அறியாததும் அன்று. மாதத்தின் முதல் நாள் மதுக்கடைகளை மூடும் வழக்கம் கேரளத்தில் இருப்பதற்குக் காரணம், சம்பளம் கைக்கு வரும் நாளில் மன உறுதியை மட்டும் நம்ப முடியாது என்னும் அறிவுதான். நாட்கூலி பெறுபவருக்கு ஒவ்வொரு மாலையும் சம்பள நாள் என்பதை அந்த அறிவு எட்டவில்லை.

இரண்டாம் மறுப்பு: வேறெந்த நோயில் இந்த அளவுகோல் பயன்படுகிறது? 2000ஆம் ஆண்டில் தாமஸ் மெக்லெல்லன் முதலிய நால்வர் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரை, போதை நோயைச் சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றோடு ஒப்பிட்டது. போதை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் மறுபடி பயன்படுத்துகின்றனர். ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் 50 முதல் 70 விழுக்காட்டினருக்கு மறுபடி மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்கு நோய் திரும்புகிறது. அந்நோய்களிலும் உணவு, மருந்து, நடைப்பயிற்சி ஆகியவை நோயாளியின் நடத்தையையே சார்ந்தவை. ஆயினும் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியதும் அழுத்தம் ஏறினால், மாத்திரை வேலை செய்தது என்பதற்கு அதையே சான்றாகக் கொண்டு மருத்துவர் மீண்டும் எழுதித் தருகிறார். போதை நோயில் சிகிச்சையை நிறுத்தியதும் நோய் திரும்பினால், சிகிச்சை வீண், ஆள் தேறமாட்டார் என்று முடிவு கட்டப்படுகிறது. ஒரே தரவிலிருந்து நோய்க்கு ஏற்ப நேர்மாறான முடிவுகளை எடுப்பதற்கு மருத்துவ அறிவில் இடமில்லை. அதற்கு இடம் தருவது நோயாளியைப் பற்றிய முன்முடிவு மட்டுமே.

மூன்றாம் மறுப்பு: இக்கருத்தைச் சொல்பவர்களே தங்களுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை. அமெரிக்காவில் போதைக்கு அடிமையான மருத்துவர்களுக்கெனப் பெரும்பாலான மாநிலங்களில் தனித் திட்டங்கள் உள்ளன. மூன்று வாரத்தில் முடிந்துவிடும் சிகிச்சை அவர்களுக்கு அளிக்கப்படுவதில்லை. உள்நோயாளிச் சிகிச்சைக்குப் பிறகு ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் திடீர்ப் பரிசோதனைகள், குழுக் கூட்டங்கள், பணியிடக் கண்காணிப்பு, சறுக்கினால் உடனே மறுசிகிச்சை, தேறினால் தொழில் உரிமத்தைக் காத்தல் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அத்திட்டம். 16 மாநிலங்களில் 904 மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்து 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, கண்காணிப்புக் காலத்தில் முக்கால் பங்குக்கும் மேலானோரின் பரிசோதனையில் போதைப்பொருள் ஒரு முறைகூடத் தென்படவில்லை என்று காட்டியது. மருத்துவரின் மன உறுதி சுமைதூக்குபவரின் மன உறுதியைக் காட்டிலும் உயர்ந்தது என்று எவரேனும் வாதிட முன்வருவாரா? வேறுபாடு ஐந்தாண்டு உடனிருப்பில் உள்ளது. போதையின் இயல்பை நன்கறிந்த ஒரு தொழிற்குழு தன் உறுப்பினரைக் காக்க நேர்ந்தபோது மன உறுதியை நம்பி விட்டுவிடவில்லை என்பதைக் காட்டிலும் வலுவான சான்று இவ்வழக்கில் வேறில்லை.

பணவசதி உள்ள நாட்டின் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2004இல் வெளியான மும்பை ஆய்வொன்றில், குடிநோயிலிருந்து விலகிய 100 ஆண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு ஓராண்டுக் காலம் இரு வேறு மருந்துகளைப் பெற்றனர். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவர் மருந்து விழுங்கப்படுவதைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார். டைசல்பிரம், அதாவது குடித்தால் உடலில் கடும் எதிர்வினை ஏற்படுத்தும் மாத்திரை, பெற்ற பிரிவில் 86 விழுக்காட்டினரும் மற்றொரு மருந்தான நால்ட்ரெக்சோன் பெற்ற பிரிவில் 44 விழுக்காட்டினரும் ஆண்டு முழுவதும் நிலைத்திருந்தனர். மருந்துகளுக்கு இடையிலான வேறுபாடு மருத்துவருக்குரியது. நோயாளியின் முழு அறிவோடும் ஒப்புதலோடும், வீட்டிலுள்ள ஒருவரின் துணையோடும் தொடர்ந்த சிகிச்சை, இந்திய நகரமொன்றின் சாதாரணக் குடும்பங்களில் இயன்றது என்பதே இங்கே கருதத்தக்கது. அதே மாத்திரையை நோயாளிக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் வழக்கம் எத்தனை ஆபத்தானது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அறியாமல் குடிப்பவரின் உயிரையே அது பறிக்கக்கூடும்.

நான்காம் மறுப்பு: ஊரை விட்டு அனுப்புவது தீர்வா? இக்கிளைக் கருத்துக்கு ஆதரவாக ஒரு புகழ்பெற்ற ஆய்வைக் காட்ட முடியும், ஆகவே அதை நேராகவே எதிர்கொள்ள வேண்டும். வியட்நாமில் போரிட்ட அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். 1971இல் நாடு திரும்பியோரைத் தொடர்ந்து ஆராய்ந்த லீ ராபின்ஸ், அவ்வாறு அடிமையானவர்களில் முதலாண்டில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரும், மூன்றாண்டுகளுக்குள் 12 விழுக்காட்டினரும் மட்டுமே மறுபடி அடிமையாயினர் என்று கண்டறிந்தார். இடம் மாறியதும் நோய் அகன்றது என்று இதைச் சுருக்கிச் சொல்வோர், அவர்கள் எங்கே சென்றார்கள் என்பதை மறந்துவிடுகின்றனர். அவர்கள் அன்னிய நாட்டிலிருந்து தத்தம் வீட்டுக்குச் சென்றார்கள். பெற்றோரும் மனைவியும் பழைய வேலையும் படிப்பும் காத்திருந்த ஊருக்குச் சென்றார்கள். மட்டாஞ்சேரியிலிருந்து வளைகுடாவுக்கு அனுப்பப்படுபவரின் பயணம் இதற்கு நேர் எதிரானது. அவர் குடும்பத்தை விட்டு, மொழியறியாத முதலாளியின் கீழ், தொழிலாளர் முகாமின் தனிமைக்குச் செல்கிறார். விடுப்பில் திரும்பும்போது கையில் பணமும், பழகிய தெருவும், போதையைத் தாங்கும் திறன் குறைந்துபோன உடலும் அவருக்கு வாய்க்கின்றன. ராபின்ஸின் ஆய்வு மன உறுதிக் கருத்தை மறுக்கிறது, ஏனெனில் அத்தனை ஆயிரம் இளைஞரின் மன உறுதி விமானம் ஏறியதும் ஒரே நாளில் கூடிவிடவில்லை. அது ஊர்கடத்தலையும் ஆதரிக்கவில்லை, ஏனெனில் அவர்களைக் காத்தது வீடு. திரும்பி வருபவரின் வீட்டையும் தெருவையும் காக்கும் இடமாக ஆக்குவது எப்படி என்பதே அந்த ஆய்வு எழுப்பும் கேள்வி. மேலும், வேறு ஊருக்குச் செல்லும் வசதி எல்லோருக்கும் இல்லை. கடனும் வயதான தாயும் வாடகை வீடும் உள்ளவர் அங்கேதான் இருந்தாக வேண்டும், அங்கேதான் தேறியாக வேண்டும்.

ஐந்தாம் மறுப்பு: இக்கருத்து உயிரைப் பறிக்கிறது. இதை மிகையாகச் சொல்லவில்லை. கொச்சியில் பிரவுன் சுகரும், பின்னர் ஊசி வழி புப்ரெனார்ஃபினும், அண்மை ஆண்டுகளில் எம்.டி.எம்.ஏ.வும் புழங்கி வந்துள்ளன. அவற்றுள் முதல் இரண்டும் அடங்கும் அபின் வகைப் பொருள்களில் ஒரு தனி ஆபத்து உண்டு. தொடர்ந்து பயன்படுத்தும் உடல் மேலும் மேலும் அதிக அளவைத் தாங்கப் பழகுகிறது. இதைத் தாங்குதிறன் என்பர். சில வாரம் நிறுத்தினால் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது, ஆனால் பழைய அளவு நினைவில் நிற்கிறது. சிகிச்சை மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ திரும்பியவர் பழைய அளவை ஒரே ஒரு முறை ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடக்கூடும். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு, முதல் இரு வாரங்களில் மிகை அளவால் இறக்கும் அபாயம் பொதுமக்களைக் காட்டிலும் 129 மடங்கு என்று கணித்தது. ஆக, ஊர் விலகி நின்று இவன் தேறுகிறானா பார்ப்போம் என்று கவனிக்கும் அந்த முதல் இரு வாரங்களே அவர் சாகக்கூடிய வாரங்கள்.

விலகி நின்று பார்ப்பது அந்த ஆபத்தை மேலும் பெருக்குகிறது. சறுக்கல் என்பது மன உறுதி தோற்றுப்போனதன் அடையாளம் என்று கற்பிக்கப்பட்டவர், முதல் சறுக்கலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுகிறார். நாணம் அவரை ஒளியச் செய்கிறது. ஒளிந்தவர் மேலும் பயன்படுத்துகிறார். சறுக்கலை மறுவீழ்ச்சியாக மாற்றுவது பெரும்பாலும் இந்தக் குற்றவுணர்வே என்று மார்லட் விளக்கியுள்ளார். ஒளிவதில் உடல் சார்ந்த கேடும் உண்டு. ஷெப்பர்ட் சீகல் 1982இல் வெளியிட்ட சோதனையில், ஹெராயினுக்குப் பழக்கப்பட்ட எலிகளுக்கு அதே மிகை அளவு பழகிய அறையில் கொடுக்கப்பட்டபோது 32 விழுக்காடும், புதிய அறையில் கொடுக்கப்பட்டபோது 64 விழுக்காடும் இறந்தன. பழகிய இடத்தில் உடல் முன்கூட்டியே தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறது, அறியாத இடத்தில் அந்த ஆயத்தம் இல்லை. ஊராரின் கண்ணுக்கு அஞ்சி, யாரும் வராத புதிய இடத்தில், தனியாக ஊசி ஏற்றிக்கொள்பவர், எல்லா வகையிலும் ஆபத்து மிகுந்த நிலையைத் தேர்ந்தெடுக்கிறார். அந்நிலைக்கு அவரைத் தள்ளியது ஊராரின் தீர்ப்பு.

இதே கருத்துதான் மாற்றுமருந்துச் சிகிச்சையையும் இழிவாகப் பார்க்கிறது. நாவின் அடியில் வைக்கப்படும் புப்ரெனார்ஃபின் மாத்திரையை நாள்தோறும் மருத்துவப் பணியாளர் முன்னிலையில் கொடுப்பது, ஊசியையும் அதனால் பரவும் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி ஆகியவற்றையும் மிகை அளவு மரணத்தையும் குறைக்கும் என்பது உலகெங்கும் நிறுவப்பட்ட ஒன்று. இந்தியாவின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது ஒரு பகுதி. ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடித்திருக்கிறான் என்று இதைப் பழிப்போர், வேட்கையின்றி வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் ஒருவரை, சந்தில் ஊசியோடு கிடப்பவரோடு ஒன்றாக்குகின்றனர். மாத்திரையை நிறுத்தச் சொல்லி வற்புறுத்தும் உறவினர், அன்பின் பெயரால் பெரும் தீங்கு செய்கிறார்.

ஆறாம் மறுப்பு: இக்கருத்து எவருடைய கடமையை மறைக்கிறது? கேரளம் 1996 ஏப்ரல் 1 அன்று சாராயத்தைத் தடை செய்தது. 2014இல் ஐந்து நட்சத்திர விடுதிகள் தவிர்ந்த மதுக்கூடங்களை மூட முடிவு செய்தது. 2017இல் அம்முடிவை மாற்றியது. 2020 மார்ச்சில் ஊரடங்கால் மதுக்கடைகள் மூடப்பட்டுத் தற்கொலைகள் நிகழ்ந்தபோது, மருத்துவர் சீட்டின் பேரில் மது வழங்க 30ஆம் தேதி ஆணையிட்டது, ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கால் நூற்றாண்டுக் காலம் இத்தனை முனைப்போடு நடந்த விவாதம் முழுவதும் புட்டியைப் பற்றியது: திறப்பதா, மூடுவதா, எவருக்கு, எந்த நாளில். குடியை நிறுத்தியவர் அடுத்த ஈராண்டு எவ்வாறு வாழ்வார் என்னும் கேள்வி அதில் இடம்பெற்றதே அரிது. கடை திறந்திருந்தால் மன உறுதியோடு கடந்து போக வேண்டும், மூடியிருந்தால் மன உறுதியே தேவையில்லை என்று இரு தரப்பும் எண்ணிக்கொண்டதால், இடையில் இருக்க வேண்டிய பராமரிப்பு எவருடைய பொறுப்பும் இல்லாமல் போனது. நாடு தழுவிய நிலையும் இதிலிருந்து வேறுபட்டதன்று. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெறுபவர் 180 பேரில் ஒருவர். உதவி எட்டாத 37 பேரின் நிலையை அவர்களுடைய குணக்கேட்டால் விளக்குவது அரசுக்கு வசதியானது. அது உண்மையன்று.

வாய்ப்பைப் பற்றாக்குறையாக வைத்துவிட்டு, கிடைக்காதவரைத் திறமையற்றவர் என்று பழிப்பதை மட்டாஞ்சேரி முன்பே அறியும். கொச்சித் துறைமுகத்தில் வேலை கொடுக்க, கூடியிருந்த தொழிலாளர் நடுவே உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். முண்டியடித்துப் பிடித்தவருக்கு அன்று வேலை, பிடிக்காதவர் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. சாப்பா என்று பெயர்பெற்ற அந்த முறையில் வலியவன் பிடிப்பான், சோம்பேறி பிடிக்கமாட்டான் என்பதே கங்காணிகளின் நியாயம். தொழிலாளர் அந்த நியாயத்தை ஏற்கவில்லை. இன்னும் வேகமாகப் பாயப் பழகவும் இல்லை. வீசுவதையே நிறுத்தச் சொன்னார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அப்போராட்டத்தில் மூன்று தொழிலாளர் உயிரிழந்தனர். தனிமனிதத் திறமையின் குறை என்று சொல்லப்பட்ட ஒன்று ஏற்பாட்டின் குறை என்பதை உயிர் கொடுத்து நிறுவிய ஊர், தன் பிள்ளைகள் மீட்சியிலிருந்து வழுவும்போது கங்காணியின் நியாயத்தைத் திரும்பச் சொல்வது பொருந்தாது.

இனி, தொடக்கத்தில் எடுத்துரைத்த மூன்று சான்றுகளுக்குத் திரும்பலாம். சிகிச்சையின்றித் தாமே விட்டவர்கள் பலர் உண்டு என்பது உண்மை. அத்தகையோரை ஆராய்ந்து 1999இல் நூல் எழுதிய ராபர்ட் கிரான்ஃபீல்டும் வில்லியம் கிளவுடும், அவர்களிடம் நிலையான வேலை, படிப்பு, குடிக்காத நண்பர், கைவிடாத குடும்பம் ஆகியவை பெருமளவு இருந்ததைக் கண்டு, அவற்றின் தொகுப்பை மீட்சி முதல் என்று அழைத்தனர். தாமே விட்டவர் வெறுங்கையோடு விடவில்லை. வெளியில் தெரியாத ஒரு முதல் அவரிடம் இருந்தது. ஒரே வீட்டில் பிறந்த இருவரின் வேறுபாட்டுக்கும் விடை இதிலேயே அடங்கியுள்ளது: வீடும் தெருவும் ஒன்றாக இருக்கலாம், குடிக்கத் தொடங்கிய வயது, பரம்பரைக் கூறு, கடன், மனச்சோர்வு, உடனிருப்பவர் ஆகியவை ஒன்றல்ல. குடிநோயாளிகளே நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கியதிலிருந்து எந்த அடித்தளத்தில் நிற்கிறது என்பதையும் கருத வேண்டும். மதுவின் முன் தன் ஆற்றல் போதவில்லை என்று ஒப்புக்கொள்வது அதன் முதல் படி. கூட்டத்துக்கு வருவதும், மூத்த உறுப்பினர் ஒருவரைத் துணையாகக் கொள்வதும் அதன் அன்றாட நடைமுறை. மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுபவர்கள், மன உறுதியை மட்டும் நம்பாததால்தான் நிலைத்திருக்கிறார்கள்.

பொறுப்பு பற்றிய மூன்றாம் சான்றுக்கு விரிவான விடை தேவை. நோய் என்று சொல்வதால் அடித்தவரின் குற்றம் இல்லாமல் போவதில்லை. பாதுகாப்புக்காக விலகி வாழ விரும்பும் மனைவியை எவரும் தடுக்கக் கூடாது. பராமரிப்பை வலியுறுத்துவது குடும்பத்தின் தோளில் மேலும் சுமை ஏற்றுவதன்று. இதுவரை குடும்பம் மட்டும், அதிலும் பெண்கள் மட்டும், சுமந்ததை ஊரும் அரசும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே கோரிக்கை. திரும்பி வருபவருக்கும் பொறுப்பு உண்டு: மருந்தைத் தவறாமல் விழுங்குவது, கூட்டத்துக்குச் செல்வது, வேட்கை எழும்போது மறைக்காமல் சொல்வது, சறுக்கினால் மறுநாளே வந்து நிற்பது. இவை ஒவ்வொன்றும் அவரால் செய்யக்கூடியவை. ஆனால் மருந்து கிடைக்கும் இடமும், கூட்டம் நடக்கும் அறையும், சொன்னால் கேட்கும் ஆளும், வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பாத வாசலும் இருந்தால் மட்டுமே செய்யக்கூடியவை. பொறுப்பை நிறைவேற்றும் வழிகளை அடைத்துவிட்டுப் பொறுப்பின்மையைப் பழிப்பதில் நீதி இல்லை.

ஊரும் அரசும் பகிரும் பராமரிப்பு இயலாத கனவு என்போருக்கு இரு சான்றுகள் போதும். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் குடிநோயாளிகளுக்கான சிகிச்சை முகாமைக் கிராமத்திலேயே நடத்தத் தொடங்கியது. நோயாளியை ஊரிலிருந்து பிரிக்காமல், ஊராரே முகாமைத் தாங்க, சிகிச்சைக்குப் பிந்தைய தொடர்கவனிப்பும் அங்கேயே அமைந்தது. தேறுபவரை ஊர் கண்ணால் கண்டது. இன்னொரு சான்று கேரளத்துக்கே உரியது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு மற்றும் ஆதரவுப் பராமரிப்பு இயக்கம், பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் அண்டை வீட்டார் வலையமைப்பாக விரிந்து, 2008இல் மாநில அரசின் கொள்கையாயிற்று. புற்றுநோயாளியின் வீட்டுக்கு உள்ளாட்சியின் பொருளுதவியோடு செவிலியர் செல்கிறார், அண்டை வீட்டுத் தன்னார்வலர் உடன் செல்கிறார். வீடு தேடிச் செல்லும் பராமரிப்பைக் கேரளத்தால் அமைக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மட்டாஞ்சேரியிலோ சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கச்சி மேமன், குஜராத்தி, கொங்கணி, தமிழ், யூத, சிரியக் கிறித்தவ மரபுகள் தத்தம் அறக்கட்டளைகளோடும் சங்கங்களோடும் தலைமுறைகளாக இயங்கி வந்துள்ளன. தமிழ் வண்ணார் சமூகம் ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் தன் சலவைத் தொழிலைக் கூட்டாகவே நடத்தி வருகிறது. மனிதரைத் தாங்கும் பழக்கம் அங்கே புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டியதன்று.

தேவைப்படுவன எளியவை, அவற்றை வெளிப்படையாகவே கேட்கலாம். மீட்பு மையத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் ஒவ்வொருவரின் விவரமும், அவருடைய ஒப்புதலோடு, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அன்றே தெரிவிக்கப்பட வேண்டும். முதல் இரு வாரத்துக்குள் ஒருவர் அவர் வீட்டுக்குச் சென்றிருக்க வேண்டும். மருந்து பெறும் நேரம் நாட்கூலியை இழக்கச் செய்யாத மாலை நேரமாக இருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் சிகிச்சைக்குச் சென்ற உறுப்பினரின் வேலையிடத்தைக் காத்துத் தர வேண்டும். சறுக்கியவரைப் பட்டியலிலிருந்து நீக்காமல் மறுநாளே ஏற்க வேண்டும். இவை கருணைக்கான வேண்டுகோள்கள் அல்ல. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. இடைநிலை இல்லங்களையும் வீடு சார்ந்த மறுவாழ்வுச் சேவைகளையும் அரசின் கடமையாக அதன் 18ஆம் பிரிவு ஆக்கியுள்ளது. சமூகத்துக்குத் திரும்புபவரோடும் அவர் தங்கவிருக்கும் குடும்பத்தினரோடும் கலந்து, இனி எந்தச் சிகிச்சை எவ்வாறு தொடரும் என்னும் திட்டத்தை வகுத்த பிறகே அனுப்ப வேண்டும் என்று 98ஆம் பிரிவு மருத்துவரைப் பணிக்கிறது. மீட்பு மையத்திலிருந்து வீடு திரும்பவிருப்பவரும் அவர் வீட்டாரும், அறிவுரையோடு நின்றுவிடாமல், அந்தத் திட்டத்தைக் கேளுங்கள். கேட்பதற்கான உரிமை 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது.